உடன் வராத பிள்ளைகள்

விமானம் வருகிற நாளில் பெலெனிகேயிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. கடலுக்கு நடுவே இருக்கும் ஃபுனாஃபுட்டித் தீவில் ஓடுதளத்தை ஒட்டி இருக்கிற சாப்பாட்டுக் கடையில் பதினோரு வருடமாக அவள்தான் சமையல். முதல் சங்கு ஊதினால் ஓடுதளத்தில் பந்து விளையாடுகிறவர்கள் விலக வேண்டும். அடுத்த சங்குக்கு நாய்களையும் விரட்டியாக வேண்டும். விமானம் தரையைத் தொடுவதற்குள் அவள் சட்டியில் சூரை மீன் கொதித்து இறங்கியிருக்க வேண்டும். இறங்குகிறவர்களில் பாதிப்பேர் கேமராவோடு வருகிறவர்கள். கடல் ஏறுகிற நாளாகப் பார்த்து வந்து, ஊர்க்காரர்களைக் கணுக்கால் தண்ணீரில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு பசியோடு அவள் கடைக்கு வருவார்கள். உங்கள் நாடு மூழ்கப்போகிறதே, என்ன நினைக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "மொதல்ல சாப்பிடுங்க, ஆறிடும்" என்பாள்.

அப்படி ஒரு நாளில்தான் அவள் மகள் அலிசி அந்தப் படிவத்தைக் கைப்பேசியில் திறந்துகொண்டு அடுப்படிக்கு வந்தாள். ஆஸ்திரேலியா வருடத்துக்கு இருநூற்றெண்பது பேரைக் குடியிருக்க எடுத்துக்கொள்கிறது, பெயர் கொடுத்தவர்களைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுக்கும் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. பெயர் கொடுக்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போக விரும்பாதவர்கள்கூட, குலுக்கல்தானே, விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கொடுத்தார்கள். அலிசிக்குப் பதினைந்து வயது. இங்கிலீஷ் படிவம் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள்தான் எழுதிக் கொடுப்பாள்.

"அம்மா, பிள்ளைங்க எத்தனைன்னு கேக்குது."

"ஒண்ணு."

"பேரு?"

"உன் பேரு உனக்கே மறந்துடுச்சா?"

"உங்களோட வராத பிள்ளைங்க யாராவது இருக்காங்களான்னு கேக்குது."

"இல்ல. அந்த உப்ப எடுத்துக் குடு."

அலிசி 'இல்லை' என்று அழுத்திவிட்டு உப்பை எடுத்துக் கொடுத்தாள். விமானமும் வந்தது. எல்லாம் அன்றோடு முடிந்தது என்றுதான் பெலெனிகே நினைத்தாள்.

குலுக்கலில் பெயர் விழுந்தது. அவள் புருஷன் சிமெயோனா துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவன். செய்தி கேட்டதும் தோளில் இருந்த அரிசி மூட்டையை இறக்காமலே நின்றானாம், மேஸ்திரி வந்து சொன்ன பிறகுதான் இறக்கினானாம். ஒரு பன்றியை வெட்டித் தெருவுக்கே விருந்து போட்டார்கள். அங்கே போனால் அலிசி நர்சுக்குப் படிப்பாள், சிமெயோனாவின் முதுகை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டலாம், பெலெனிகே விமானமே வராத ஒரு கடையில் நிதானமாகச் சமைப்பாள். இப்படியெல்லாம் பேசிப் பேசி ஒரு மாதம் போயிற்று.

பிறகு கடிதம் வந்தது. பிறப்புப் பதிவேட்டின்படி உங்களுக்கு ஒரே பிள்ளை, பதினேழு வயதான ஆண், பெயர் தொமாசி. அவரைப் பற்றி நீங்கள் எதுவும் குறிப்பிடவில்லை. அலிசி என்ற பெண்ணின் தாயாகப் பதிவேட்டில் இருப்பது லுசியா என்பவர். ஆறு வாரத்துக்குள் விளக்கம் தரவும்.

அலிசி அதை இரண்டு தடவை படித்துக் காட்டினாள். இரண்டாம் தடவை அவள் குரல் இறங்கிப்போயிருந்தது.

இதில் ஊருக்குத் தெரியாத ரகசியம் ஒன்றும் இல்லை. பெலெனிகே முதல் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தபோது, பிறந்த தீவான நுகுஃபெட்டாவில் இருந்து அவள் அண்ணன் இயோப்பு கப்பலேறி வந்து கேட்டான். கல்யாணமாகி ஒன்பது வருடம், அவனுக்கும் அவன் மனைவி மெலேக்கும் பிள்ளை இல்லை. கேட்டால் கொடுப்பது அந்தத் தீவுகளின் வழக்கம், அதுவும் உடன்பிறந்தவன் நேரில் வந்து கேட்டால் யோசிப்பதற்கே இடமில்லை. அடுத்ததைப் பெற்றுக்கொள்ளலாம் என்று கொடுத்தாள். அடுத்தது பிறக்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்துத் தங்கை லுசியா கர்ப்பமாக இருந்தபோது பெலெனிகே போய்க் கேட்டாள். அப்படி வந்தவள் அலிசி. தொமாசி அண்ணன் வீட்டில் வளர்ந்து அவளை அத்தை என்று கூப்பிடுகிறான். ஆக்லாந்தில் இருக்கும் லுசியாவை அலிசி சித்தி என்று கூப்பிடுகிறாள். யார் யாருக்குப் பிள்ளை என்பதில் யாருக்கும் குழப்பம் வந்ததே இல்லை. படிவம் கேட்டபோது பெலெனிகே வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்க்கிற சிமெயோனாவின் உறவுக்காரன் ஒருவன் வழி சொன்னான். "நெலக் கோர்ட்டுல தத்துன்னு பதிஞ்சு ஒரு காகிதம் வாங்கிட்டா போதும், ஏத்துக்குவாங்க. ஆனா தத்துன்னா நெலம் எழுதணும். ஒரு துண்டு நெலமாவது குடுத்தாத்தான் அது பிள்ளை."

"நெலம் நுகுஃபெட்டாவுல அண்ணனுக்கும் எனக்கும் பொதுவால்ல இருக்கு" என்றாள் பெலெனிகே.

"அப்போ அவரு கையெழுத்துப் போடணும்."

சிமெயோனா தலையைச் சொறிந்தான். "நல்லாருக்கு. ஊர விட்டுப் போறதுக்கு ஊர்ல நெலம் வாங்கணுமாம்."

ஆக்லாந்துக்குப் போன் போட்டார்கள். லுசியா அங்கே விடுதிகளின் துணி வெளுக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். பின்னால் இயந்திரங்கள் இரைய, கத்திப் பேசினாள்.

"பெத்தவள்னு எழுதணுமா, குடுத்தவள்னு எழுதணுமா அக்கா?"

"ரெண்டும் எழுது."

"எழுதி முத்திரை போட்டு நாளைக்கே அனுப்புறேன். நீ அண்ணன்கிட்ட நேரா போய்க் கேளு. கேட்டா அவரால மாட்டேன்னு சொல்ல முடியாது."

"அதான்டி கஷ்டமே. கேக்க விடமாட்டாரு."

லுசியா சிரித்தாள். "முட்டி வலி இன்னும் இருக்கா? அப்போ ரொம்ப தூரம் ஓட மாட்டாரு. போயிட்டு வா."

தங்கை முகத்துக்கு நேரே கேட்டதை அண்ணன் மறுத்தால் அந்தத் தீவில் அவன் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஆகையால் அங்கே அண்ணன்மார்கள் மறுப்பதில்லை. தங்கை எதிரே வராமல் பார்த்துக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை பெலெனிகேயும் அலிசியும் கப்பலேறினார்கள். மேல்தளத்தில் பாய் விரித்து, சட்டியும் பன்றிக்குட்டியுமாய் இருந்த கூட்டத்தின் நடுவே படுத்து, மறுநாள் காலை நுகுஃபெட்டாவின் காயலுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் இருக்கிற சவாவே கரையிலிருந்து படகு வந்தது. படகை ஓட்டி வந்தவன் தொமாசி. வளர்ந்துவிட்டிருந்தான். பைகளை ஒரே கையில் வாங்கிப் போட்டான்.

"அத்தை, ரொட்டி கொண்டாந்தீங்களா?"

"வந்ததும் வராததுமா கேக்குறியேடா. ரெண்டு டஜன் இருக்கு."

"அலிசி, நீ ஆஸ்திரேலியாக்காரி ஆகப்போறியாமே. கங்காரு கறி நல்லாருக்குமா?"

"தின்னு பாத்து எழுதி அனுப்புறேன் அண்ணா" என்றாள் அலிசி. ஒன்றுவிட்ட பிள்ளைகள் எல்லோரும் அங்கே அண்ணன் தங்கைதான், வேறு முறை கிடையாது.

இயோப்பு கரையில் நின்று, வந்தவர்களை வரவேற்கிற முறைப்படி இருவரையும் முகர்ந்து முத்தமிட்டான். ஐம்பத்திரண்டு வயது, பருத்த உடம்பு, வெயிலில் கறுத்த தோள். வீட்டுக்குப் போனதும் சாப்பாடு தயாராக இருந்தது. தேங்காய்ப்பால் விட்டு அவித்த புலாக்காக் கிழங்கு, பொரித்த பறவைக்கோலா மீன், சுட்ட ஈரப்பலா, காலையில் இறக்கிய பதநீர். சாப்பிட்டு முடிக்கும் வரை கப்பல் எப்படி, அலை எப்படி, சிமெயோனா முதுகு எப்படி என்று இயோப்பு மூச்சு விடாமல் கேட்டான். பெலெனிகே கை கழுவிவிட்டு, "அண்ணா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாள்.

"களைச்சுப் போய் வந்திருக்கீங்க. படுங்க, படுங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பேச முடியாது. திங்கட்கிழமை விடிவதற்கு முன்பே அவன் எதிர்த் தீவுக்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். அந்தி சாயத் திரும்பி வந்தபோது படகு நிறைய மீன் இருந்தது, அதைப் பங்கு போடவே நேரம் போயிற்று. செவ்வாய்க்கிழமை போதகர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று போய்விட்டான். கூரை மேலேயே சாப்பாட்டை வாங்கிச் சாப்பிட்டானாம். புதன்கிழமை பெலெனிகே அவனைத் தோப்பில் கண்டுபிடித்தாள். அவள் வருவதைப் பார்த்தவன், கையில் இருந்த கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் இருந்த தென்னை மரத்தில் ஏறிவிட்டான். அந்த முட்டியோடு அவன் ஏறிய வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது.

கீழே மரங்களுக்கு நடுவே பதநீர்ப் போத்தல்களைக் கட்டிக்கொண்டிருந்த தொமாசி நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பா, அந்த மரத்துல பாளையே இல்லியே."

"இருக்கான்னு பாக்கத்தான் ஏறினேன்" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"மூணு வருஷமா இல்லியே."

"நீ உன் வேலையப் பாரு."

பெலெனிகே மரத்தடியில் உட்கார்ந்து தாழம்பழம் ஒன்றைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்தாள். பிறகு சிரிப்புத் தாங்காமல் எழுந்து வந்துவிட்டாள். கப்பல் அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பி வருகிறது. அதற்குள் கோர்ட்டு கூடியாக வேண்டும். அதை விட்டால் அடுத்த கப்பலுக்குள் ஆறு வாரமும் ஓடிப்போகும், அலிசி இங்கே நிற்க, தானும் சிமெயோனாவும் மட்டும் விமானமேற வேண்டியிருக்கும். அது நடக்காது. அலிசி இல்லாமல் அவள் ஓடுதளத்தைக்கூடத் தாண்ட மாட்டாள். அப்படியானால் எல்லோருமே இங்கேதான்.

அன்று மாலை மெலே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பெலெனிகே பக்கத்தில் உட்கார்ந்து புலாக்காவைச் சீவினாள். மெலே அதிகம் பேசாதவள். பேசினால் கையில் இருக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டே பேசுவாள்.

"அலிசிக்கு நெலம் குடுக்க அவருக்கு மனசில்லன்னு நெனைக்கிறியா?"

"வேற என்ன அண்ணி?"

"நெலமா? கேட்டா வீட்டையே குடுப்பாரு." மெலே துருவலைத் தள்ளிவிட்டு அடுத்த மூடியை எடுத்தாள். "அந்தக் கடுதாசில தொமாசி பேரு உன் பேருக்குக் கீழ இருக்காமே. அலிசி போன்ல அவன்கிட்ட சொன்னா, அவன் வந்து சிரிச்சுக்கிட்டே எங்ககிட்ட சொன்னான். அன்னையிலேர்ந்து இவருக்குச் சோறு எறங்கல."

"ஏன்?"

"ஏன்னா கேக்குற? காகிதப்படி உனக்கு அவன் ஒருத்தன்தான் பிள்ளை. காகிதப்படி நீ அவன நாளைக்கே கூட்டிட்டுப் போகலாம். எங்ககிட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது."

"நீங்க ஏன் பதியல?"

"நான் சொன்னேன். பதினேழு வருஷமா சொல்றேன். 'தங்கச்சி வாயால குடுத்த பிள்ளை, அதுக்குக் காகிதம் கேட்டா அவள அவமானப்படுத்துன மாதிரி'ம்பாரு. இப்போ கோர்ட்டுக்குப் போனா பதிவேட்டத் தொறப்பாங்க, எல்லாரு முன்னாடியும் அவன் பேரு வரும், நீ வாயத் தொறந்து கேப்ப, அவரால மறுக்க முடியாது. அதுக்குத்தான் மரத்துல ஏறுறாரு."

பெலெனிகேயின் கத்தி நின்றுவிட்டது. மெலே தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் துருவுவதும் நின்றிருந்தது.

"நீ கேக்கத்தான் வந்தியா?" என்று கேட்டாள் மெலே.

பெலெனிகே உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடிதம் வந்த மறுநாள் முழுக்க, மீன் அரியும்போதும் தட்டுக் கழுவும்போதும் அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் பெயர் தன் பெயருக்குக் கீழே அச்சில் இருக்கிறது. பதினேழு வருடத்தில் அவள் அதை எங்கேயும் எழுதிப் பார்த்ததில்லை. கேட்டால் போதும், அண்ணனால் மறுக்க முடியாது. மறுநாள் காலை ரொட்டி மாவு பிசையும்போது அந்த நினைப்பை உதறிவிட்டாள். ஆனாலும் ஒரு நாள் அது அவளுக்குள் இருந்தது உண்மை.

"இல்ல அண்ணி" என்றாள் கடைசியில். "அலிசிக்காகத்தான் வந்தேன்."

மெலே மறுபடி துருவ ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குக் குழிக்குத்தான் போவாரு. அதுல எறங்க ஒரே வழி, ஏற ஒரே வழி" என்றாள்.

புலாக்காக் குழி என்பது ஆள் உயரத்துக்கு மேல் தோண்டிய பள்ளம். அடியில் ஊறி நிற்கிற நல்ல தண்ணீரில் கிழங்கு வளரும். அந்தக் குடும்பத்துக்கு மூன்று குழிகள். கடல் பக்கத்துக் குழியில் போன வருடம் உப்பேறி இலையெல்லாம் ஓரம் கருகிவிட்டது. வடக்குக் குழி சுமார். நடுக்குழிதான் உசத்தி, அதன் இலைகளின் கீழ் மழைக்கு ஒதுங்கலாம். இயோப்பு அதற்குள் முழங்கால் சேற்றில் நின்று, ஒவ்வொரு செடியையும் சுற்றிக் கட்டிய ஓலைக் கூடைக்குள் காய்ந்த இலையையும் மண்ணையும் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். பெலெனிகே மேலே, இறங்குகிற வழியில் உட்கார்ந்துகொண்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். சுற்றிலும் பார்த்தான். வேறு வழி இல்லை.

"எல பத்தலையே" என்றான் அவசரமாக. "அந்தப் பக்கம் போய் இன்னும் ரெண்டு கூடை—"

"அண்ணா, நான் எதுவும் கேக்க வரல."

அவன் கை நின்றது.

"குடுக்க வந்திருக்கேன்" என்றாள் பெலெனிகே. "தொமாசிய எழுதிக் குடுக்கிறேன். கோர்ட்டுல, கோர்ட்டார் ஆறு பேரு முன்னாடி. ஒங்க பிள்ளைன்னு."

இயோப்பு ஒரு பிடி இலையை எடுத்து, மெதுவாக ஒரு கூடைக்குள் போட்டான். அண்ணனும் தங்கையும் அங்கே முகம் பார்த்து இந்த மாதிரி விஷயம் பேசுவது வழக்கமில்லை. அவன் செடியைப் பார்த்தே பேசினான்.

"மெலே சொன்னாளா?"

"அண்ணி ஒண்ணும் சொல்லல. நீங்க பாளையில்லாத மரத்துல ஏறினதப் பாத்தா தெரியாதா?"

"முட்டி இன்னும் வலிக்குது" என்றான். பிறகு, "உனக்கு அப்படி ஒரு நெனப்பு வரலையா? கூட்டிட்டுப் போகணும்னு?"

"வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் விமானம் வந்துச்சு. வேல இருந்துச்சு." அவள் காலடியில் கிடந்த இலைகளை அள்ளி உள்ளே போட்டாள். "காகிதம் கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே அண்ணா. நீங்க கேக்கவே இல்ல."

"உன்கிட்டப் போய்க் காகிதம் கேப்பேனா?"

"என்கிட்டக் கேக்காம இருந்துட்டு, என்னப் பாத்தா மரத்துல ஏறுறீங்க."

இயோப்பு சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தான், கையில் இருந்த சேறு முகமெல்லாம் அப்பிக்கொண்டது. பெலெனிகே இறங்கி அவனுக்கு எதிர்ப்பக்கத்துச் செடிகளுக்கு இலை போட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வேலையைப் பார்த்தார்கள். சேற்றில் கால் வைத்து எத்தனையோ வருடமாயிற்று, அவளுக்கு அது பிடித்திருந்தது.

"அலிசிக்கு இந்தக் குழிய எழுதிடுறேன்" என்றான் இயோப்பு.

"இதையா? இது நல்ல குழியாச்சே. அந்த உப்பேறின குழி போதும். அவ ஆஸ்திரேலியா போறவ."

"போறவளுக்குத்தான் நல்ல குழி வேணும். இங்க இருக்கிறவன் உப்புக் குழியிலயும் மண்ணக் கொட்டி எதாவது செஞ்சுக்குவான். அங்க யாராவது உனக்கு ஊர்ல என்ன இருக்குன்னு கேட்டா, அவ உப்புக் குழின்னா சொல்லுவா?"

"யாரு கேக்கப்போறா?"

"யாராவது கேப்பாங்க" என்றான் இயோப்பு உறுதியாக. அதற்கு மேல் அவள் வாதாடவில்லை.

சனிக்கிழமை காலை ஊர்க்கூடத்தில் நிலக் கோர்ட்டு கூடியது. ஆறு பேரும் தாழம்பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பதிவேட்டைப் புரட்டினார். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர் வந்திருந்தது. மெலே ஒரு கூடை நிறைய அவித்த புலாக்காவும் மீனும் கொண்டுவந்து ஓரத்தில் வைத்திருந்ததால், விசாரணை நீளாது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

முதலில் அலிசி. லுசியாவின் கடிதத்தை வாசித்தார்கள். இயோப்பு எழுந்து, நடுக்குழி, அதில் நிற்கிற செடிகளோடு என்று சொன்னான். கூட்டத்தில் யாரோ மெல்ல விசிலடித்தார்கள்.

"உனக்குக் குழி தராங்க" என்றார் தலைவர் அலிசியிடம். "குழின்னா வேல செய்யணும். நீ போயிட்டா யாரு பாப்பா?"

"அண்ணன் பாத்துக்குவான்."

"நீ என்ன செய்வ?"

"வந்து சாப்பிடுவேன்."

கூடம் சிரித்தது. தலைவரும் சிரித்துக்கொண்டே எழுதினார். அலிசி விரலில் மை வைத்துப் பதித்துவிட்டு வந்து பெலெனிகேயின் மடியில் அந்த விரலைத் துடைத்தாள். புதுப் பாவாடை, திட்டவும் மனம் வரவில்லை.

அடுத்து தொமாசி, அவன் பெயருக்கு வடக்குக் குழி. அவன் சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தான். அதுவே ஊருக்குப் புதுமையாக இருந்தது.

"உன்ன வளத்தது யாரு?" என்று கேட்டார் தலைவர். முறைக்குக் கேட்கிற கேள்வி.

"என் ஒடம்பப் பாத்தா தெரியலையா? இவ்வளவு சோறு போட்டது மெலேம்மாதான்."

மறுபடி சிரிப்பு.

"பெத்தது யாரு?"

"அத்தை" என்றான் தொமாசி, தாடையால் பெலெனிகேயைக் காட்டி.

யாருக்கும் அதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. தலைவர் எழுதிக்கொண்டே போனார். பெலெனிகேக்கு மட்டும் அந்தச் சொல் காதுக்குள் கொஞ்ச நேரம் நின்றது. அவன் சொன்னது சரிதான். தப்பாக எதுவும் சொல்லவில்லை.

அவளைக் கூப்பிட்டுக் காகிதத்தை முன்னால் வைத்தார்கள். அவள் பெயர் மேலே இருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அன்று வாயால் கொடுத்தபோது அவள் அழவில்லை. பால் கட்டி வலித்த இரண்டு வாரம் மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டாள். இப்போது பேனாவை வாங்கியவள் எழுதாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். இயோப்பு பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெலே கூடையின் மூடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

"பேனா எழுதலையா?" என்றார் தலைவர்.

"எழுதுது" என்று சொல்லிவிட்டு பெலெனிகே கையெழுத்துப் போட்டாள். கொஞ்சம் கோணலாக விழுந்தது. அழகாகப் போட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

மெலே கூடையைத் திறந்தாள். கோர்ட்டார் ஆறு பேரும் கை கழுவ எழுந்தார்கள். இயோப்பு தங்கையின் அருகே வந்து, அந்த ஊர் வழக்கத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே நெருங்கி நின்று, "இனிமே நீ என்ன கேட்டாலும் நான் ஓட மாட்டேன்" என்றான்.

"கப்பலுக்கு நாலு கிழங்கு வேணும்."

"நாப்பது எடுத்துக்கோ."

அன்று சாயங்காலம் இயோப்பு வீட்டு முற்றத்தில் அலிசி கைப்பேசியை வைத்துக்கொண்டு மறுபடி படிவத்தை நிரப்பினாள். கோர்ட்டுக் காகிதத்தைப் படம் எடுத்து ஏற்றியாயிற்று. திருத்திய விவரங்களை முதலிலிருந்து தர வேண்டுமாம். காயலின் மேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மெலே அடுப்பில் மீனைப் புரட்டினாள். பெலெனிகே இலைகளைத் துடைத்து வரிசையாகப் போட்டாள். தோப்பில் மரத்தின் உச்சியிலிருந்து தொமாசி பாளை சீவிக்கொண்டே உரக்கப் பாடுவது கேட்டது. பதநீர் இறக்குகிறவர்கள் பாடிக்கொண்டேதான் இறக்குவார்கள். அவனுக்கு ராகம் அவ்வளவாக வராது.

"அம்மா, பிள்ளைங்க எத்தனை?"

"ஒண்ணு."

"பேரு அலிசி" என்று தானே சொல்லிக்கொண்டு, கொஞ்சம் பெருமையாகவே எழுதினாள் அலிசி. விரலால் தள்ளி அடுத்த கேள்விக்குப் போனாள். போனவள் உடனே வாசிக்கவில்லை.

"என்ன கேக்குது?"

"உங்களோட வராத பிள்ளைங்க யாராவது இருக்காங்களான்னு."

பெலெனிகே கையில் ஒரு இலை இருந்தது. அதை ஏற்கெனவே துடைத்திருந்தாள். இன்னொரு தடவை துடைத்தாள். தோப்பில் பாட்டு ஒரு வரியை விட்டுவிட்டு, பிறகு வேறெங்கோ தொடங்கியது. போன தடவை இந்தக் கேள்விக்கு அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள், அது தப்பாகிவிட்டது. அதே பதில் இப்போது சரி, கோர்ட்டு முத்திரையோடு சரி.

"இல்லன்னு போடு" என்றாள்.

அலிசி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டாள்.

"தொமாசி" என்று பெலெனிகே தோப்பைப் பார்த்துக் கூப்பிட்டாள். "எறங்கி வா. மீன் ஆறுது."

"இதோ வரேன் அத்தை."

அவன் வந்து உட்கார்ந்ததும் மீனின் வயிற்றுப் பக்கத்துக் கொழுத்த துண்டை எடுத்து அவன் இலையில் வைத்தாள். அவன் அதைத் தின்று முடிப்பதற்குள் இன்னொன்றையும் வைத்தாள். மெலே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் சட்டியைப் பெலெனிகேயின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.